பழுது பார்த்தவர்கள் விட்டுப்போன பழுது: தில்லியில் கட்டட மரபுப் பாதுகாப்பு படிப்பது

நிஜாமுதீனில் இருக்கும் ஹுமாயூன் கல்லறையின் கூரைமேலிருந்து ஏறக்குறைய பத்து லட்சம் கிலோ சிமென்ட் கான்கிரீட்டைக் கையால் உடைத்து இறக்கினார்கள். ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை, இந்தியத் தொல்லியல் துறையோடு சேர்ந்து 2007இல் தொடங்கி 2013இல் நிறைவுசெய்த சீரமைப்பின் ஒரு பகுதி அது. அந்தக் கான்கிரீட்டை முகலாயர்களும் போடவில்லை, கட்டடத்தைக் கெடுக்க நினைத்த எவரும் போடவில்லை. மழைநீர் ஒழுகுகிறது, சரிசெய்வோம் என்று இருபதாம் நூற்றாண்டில் அக்கறையோடு ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிக்கொண்டே போனார்கள். அந்தச் சுமையைக் கீழே இருந்த பதினாறாம் நூற்றாண்டுக் கட்டுமானம் பொறுமையாகத் தாங்கிக்கொண்டிருந்தது.

கட்டட மரபுப் பாதுகாப்பை முதுநிலையில் படிக்கும் மாணவர்களுக்கு இது பாலபாடம். பழைய கட்டடங்களைக் காலமும் மழையும் அரிக்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் தில்லியில் கண்ணில் படும் சேதத்தில் கணிசமான பங்கு, நல்லெண்ணத்தோடு கை வைத்தவர்களால் வந்தது. ‘பழைய கட்டடம்னா எனக்கு உசிரு’ என்று சொல்லிக்கொண்டு இந்தப் படிப்புக்கு வருபவர்கள் முதல் பருவத்திலேயே தடுமாறுவது இதனால்தான். எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது, ஏன் கூடாது என்பதை வரைபடத்தோடும் ஆதாரத்தோடும் எழுதக் கற்பதுதான் இரண்டு வருடப் படிப்பின் சாரம். பாசம் கூடுதல் தகுதி, அவ்வளவே.

சிமென்ட் ஏன் வில்லன் ஆயிற்று என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. தண்ணீரில் நீற்றி, மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. இதற்கு மாதங்கள் பிடிக்கும், கனமான சுவரின் உள்ளே வருடங்கள்கூட ஆகும். சுட்ட செங்கல் பொடியான சுர்க்கியைச் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். வட இந்திய மேஸ்திரிகள் வில்வப்பழக் கூழ், உளுந்து, வெல்லம் என்று சேர்ப்பார்கள். நம் பக்கம் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும், செட்டிநாட்டுப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக் கருவும்.

இப்படி உருவான சாந்து வலிமையில் சிமென்ட்டுக்கு ஈடாகாது. பழைய கட்டடத்துக்கு அந்த மெலிவுதான் வேண்டும். கட்டடம் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும்போது சுண்ணாம்புச் சாந்து சேர்ந்து அசைந்து கொடுக்கும். மயிரிழை விரிசல் விழுந்தால், உள்ளே போகும் நீரில் கரைந்த சுண்ணாம்பே மறுபடி படிந்து அதை அடைக்கும். சுவருக்குள் ஏறிய ஈரம் இணைப்புகள் வழியாக வெளியேறிவிடும். அதே இணைப்பைச் சிமென்ட்டால் அடைத்தால் ஈரத்துக்கு வழி கல் மட்டும்தான். ஈரத்தோடு வரும் உப்பு, கல்லின் மேற்தோலுக்குப் பின்னால் படிகமாகி அதை உள்ளிருந்து தள்ளுகிறது. சில வருடங்களில் மணற்கல் ஏடு ஏடாக உரிகிறது. சிமென்ட் மட்டும் எலும்புபோல் துருத்திக்கொண்டு நிற்கிறது. பழைய தில்லியின் எந்தச் சந்திலும் இதைப் பார்க்கலாம். ஆகவே பாதுகாப்புப் பணியில் சாந்து எப்போதும் கல்லைவிட மெலிந்திருக்க வேண்டும். தேயப்போவது சாந்தாக இருந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். கல் தேய்ந்தால் எங்கே போய் வாங்குவது?

பொருளறிவு இப்படியென்றால், அதற்கு முன்னால் வருவது அளவெடுப்பு. ஒரு சிறிய கல்லறையைக் கொடுத்து, டேப்பும் தூக்குக்குண்டும் வைத்துக்கொண்டு முழுவதையும் அளந்து வரையச் சொல்வார்கள். டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி, லேசர் ஸ்கேனர் எல்லாம் பிறகு வரும். கருவி சில மணி நேரத்தில் லட்சக்கணக்கான புள்ளிகளைச் சேகரித்துவிடும். ஆனால் ஒரு வளைவு நடுவில் இரண்டு விரற்கடை இறங்கியிருப்பதைக் கையால் அளந்தவன்தான் முதலில் கவனிக்கிறான் என்பது இத்துறையில் பழையவர்கள் எல்லோரும் சொல்வது. பிறகு அந்த வரைபடத்தின்மேல் விரிசல், ஈரம், உப்பு, முளைத்த அரசங்கன்று, முந்தைய ஒட்டுவேலை எல்லாவற்றையும் வண்ணக் குறிகளால் நிரப்ப வேண்டும்.

பயிற்சிக்குத் தில்லியில் கட்டடத்துக்கா பஞ்சம்? ஒன்றிய அரசின் பாதுகாப்பில் இருப்பவை மட்டும் 174. மரபுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளையான இன்டாக் 1999இல் வெளியிட்ட பட்டியலில் ஆயிரத்து இருநூறுக்கும் மேல் உண்டு. ஆர்.கே. புரம் ஐந்தாம் செக்டாரில் தில்லித் தமிழ்ச் சங்கத்துக்கு நாடகமும் பட்டிமன்றமும் பார்க்கப் போகிறவர்கள், அதே செக்டாரில் லோதி காலக் கல்லறைகளும் ஒரு படிக்கிணறும் கொண்ட ‘வசீர்பூர் கும்பத்’ என்ற தொகுதி இருப்பதை எட்டிப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

அளவெடுப்பைச் சலிப்பான வேலை என்று நினைப்பவர்கள் 2013இல் வந்த தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையைப் புரட்டலாம். பாதுகாக்கப்பட்டவை என்று பட்டியலில் இருந்த நினைவுச்சின்னங்களில் 92 காணாமல் போயிருந்ததாக அது சொன்னது. பிற்பாடு தொல்லியல் துறை தேடிப் பலவற்றைக் கண்டுபிடித்தது. இருபத்துநாலு அப்போதும் அகப்படவில்லை. அவற்றில் தில்லியைச் சேர்ந்தவையும் உண்டு. நகரம் விழுங்கியது, அணை மூழ்கடித்தது என்பவற்றோடு, இருப்பிடத்தைச் சரியாகக் குறித்துவைக்காததையும் அரசே காரணமாகச் சொன்னது. வரைபடம் இல்லாத கட்டடம் தொலைந்தால் தேடவும் வழியில்லை.

அடுத்தது கோட்பாடு. இங்கேதான் வகுப்பறையில் குரல்கள் உயரும். 1803 நிலநடுக்கத்தில் குதுப் மினாரின் உச்சி சேதமானது. கிழக்கிந்தியக் கம்பெனிப் பொறியாளர் ராபர்ட் ஸ்மித் அதைப் பழுதுபார்த்து, 1828இல் உச்சியில் சொந்தக் கற்பனையில் ஒரு மண்டபத்தை வைத்தார். பொருந்தவே இல்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். 1848இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிங் அதை இறக்கச் சொல்லிவிட்டார். இறக்கிய மண்டபம் இன்றும் வளாகத்துப் புல்தரையில் நிற்கிறது, சுற்றுலாப் பயணிகள் அதன்முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இப்போது அதற்கு ஏறக்குறைய இருநூறு வயது. தவறான சீரமைப்பும் வயதேறினால் வரலாறாகிவிடுமா? அப்படியென்றால் ஹுமாயூன் கல்லறையின் கான்கிரீட்டை மட்டும் ஏன் எடுத்தார்கள்? ஒன்று கட்டடத்துக்குத் தீங்கு செய்துகொண்டிருந்தது, மற்றது செய்யவில்லை என்பது ஒரு பதில். அதே கல்லறையின் சின்னச் சத்திரிகளில், அதாவது குவிமாடம் வைத்த சிறு மண்டபங்களில், உதிர்ந்துபோன ஓடுகளைப் புதிதாகச் சுட்டுப் பதித்தது சரியா என்ற கேள்விக்கு அந்தப் பதில் போதாது. உஸ்பெகிஸ்தானிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து, பக்கத்துக் குடியிருப்பான நிஜாமுதீன் பஸ்தியின் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் செய்யப்பட்ட வேலை அது. புத்தம்புதிதாகப் பளபளக்கிறது என்று குறைசொன்னவர்களும் உண்டு. கைத்தொழில் மறுபடி உயிர்பெற்றது பெரிது என்பது என் கட்சி. ஆனால் எதிர்க்கட்சியின் வாதத்தையும் முழுதாக எழுதத் தெரியாதவர், மாணவர் வேலையை மதிப்பிடும் ஜூரியில் தப்ப முடியாது.

ஜான் மார்ஷல் 1923இல் தொல்லியல் துறைக்கு எழுதிய பாதுகாப்புக் கையேடு, இருப்பதை இருக்கிறபடியே காக்கச் சொல்கிறது. இல்லாததைப் புதிதாகச் செய்வதைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது. பாதுகாப்பு நெறிகளுக்கான சர்வதேச ஆவணமான 1964இன் வெனிஸ் சாசனமும் பெரும்பாலும் அந்தப் பாதைதான். 1994இல் ஜப்பானின் நாரா நகரத்தில் உருவான ஆவணம், ஒவ்வொரு பண்பாடும் தன் மரபின் உண்மைத்தன்மையைத் தன் அளவுகோலால் அளக்கட்டும் என்று இடம் விட்டது. இன்டாக்கின் 2004 சாசனம் ராஜமேஸ்திரிக்கும் ஸ்தபதிக்கும் அவர்கள் தொழில்மரபுக்கும் உரிய இடத்தைக் கொடுத்தது.

தமிழ்நாட்டிலிருந்து போகிற மாணவருக்கு இந்தச் சாசனங்கள் வேறுவிதமாக உறைக்கும். யாரும் வாழாத, யாரும் தொழாத கட்டடங்களை மனதில் வைத்துத்தான் இவற்றில் பாதி எழுதப்பட்டது. நமக்கோ பாலாலயம், திருப்பணி, பன்னிரண்டு ஆண்டுக்கொரு குடமுழுக்கு என்று புதுப்பித்தலே மரபு. ஒரு சோழர் கோயில் மண்டபத்தில் கல் உடைந்தால், உடைந்த கல்லைக் காட்சிப்பொருளாக வைத்திருக்க எந்த ஊர்க்காரரும் சம்மதிக்க மாட்டார். அதேசமயம், மரபு என்ற பேரைச் சொல்லிக்கொண்டு சிமென்ட் பூசியதும், மணலைப் பீய்ச்சித் தூணைச் சுத்தம் செய்து கல்வெட்டு எழுத்தைத் தேய்த்ததும், கருங்கல் தளத்தின்மேல் டைல்ஸ் ஒட்டியதும் நம் கோயில்களில்தான் நடந்தது. இவற்றைக் குறித்துத் தானாக முன்வந்து விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் 75 கட்டளைகள் பிறப்பித்தது. மறுபக்கம், ஸ்ரீரங்கம் கோயில் சீரமைப்புக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. பழைய வடிகாலையும் மழைநீர் சேகரிப்பு அமைப்பையும் மீட்டெடுத்தது பாராட்டப்பட்ட அம்சங்களில் ஒன்று. வழிபாடு நிற்காமல் பாதுகாப்பும் நடக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

தில்லிப் படிப்பின் பெரிய ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது. சுல்தானிய, முகலாய, காலனியக் கட்டடங்கள் கையெட்டும் தூரத்தில் இருப்பதால் பாடமும் பயிற்சியும் அவற்றைச் சுற்றியே சுழலும். கற்றளியின் நுணுக்கம், ஆகம விதி, ஸ்தபதியின் கணக்கு ஆகியவற்றை மாணவர் தானாகத் தேடிப்போய்க் கற்க வேண்டும். மாமல்லபுரத்தில் 1957இலிருந்து அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இயங்குகிறது. அங்கே கோயில் கட்டக் கற்கிறார்கள்; தில்லியில் காக்கக் கற்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்றால் மிகையில்லை.

கோட்பாட்டிலிருந்து சட்டத்துக்கு வந்தால் வயது என்ற அளவுகோல் வந்து நிற்கும். 1958ஆம் ஆண்டு பழஞ்சின்னங்கள் சட்டப்படி ஒரு கட்டடம் நூறு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். இந்தப் படிப்பைத் தரும் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளி (எஸ்.பி.ஏ.) இருக்கும் இந்திரபிரஸ்தா எஸ்டேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் பிரகதி மைதானம். அங்கே 1972இல் ராஜ் ரேவால் வடிவமைத்து, மகேந்திர ராஜ் கட்டமைப்புப் பொறியியலைக் கவனித்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற கண்காட்சி அரங்கம், கான்கிரீட் தண்டுகளை முக்கோணங்களாகப் பின்னும் ஸ்பேஸ் ஃப்ரேம் என்ற முறையில் எழுந்து உலகக் கட்டடக்கலை வட்டாரங்களில் பேசப்பட்டது. 2017 ஏப்ரலில் ஒரு இரவில் அதை இடித்துவிட்டார்கள். அறுபது வயது ஆகாததை மரபுக் கட்டடமாகக் கருத முடியாது என்பது தில்லியின் மரபுப் பாதுகாப்புக் குழு எடுத்த நிலை. இடிக்கும்போது அதற்கு வயது நாற்பத்தைந்து. ஆர்.கே. புரத்து முருகன் கோயிலான மலை மந்திருக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான், குடமுழுக்கு 1973இல். கருங்கல்லில் பழைய பாணியில் நிற்பதால் அதைப் பார்ப்பவர்கள் புராதனம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அதைக் காக்கச் சட்டம் தேவையில்லை, சஷ்டிக்கு வரும் கூட்டம் போதும். ஹால் ஆஃப் நேஷன்ஸுக்கு அப்படிக் கூட்டம் இல்லை.

அந்த 1958 சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தம் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது என்றும், அதற்கப்பால் 200 மீட்டருக்குத் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் வழியாக அனுமதி வேண்டும் என்றும் ஆக்கியது. வரைபடத்தில் வட்டம் போட்டால் சுலபம். நிஜாமுதீன் பஸ்தி போன்ற இடத்தில், மகனுக்குக் கல்யாணமாகி மேலே ஒரு அறை எழுப்ப நினைக்கும் குடும்பத்துக்கு அந்த வட்டம் வாழ்க்கைப் பிரச்சினை. வட்டமே போடாமல் விட்டவையும் இருக்கின்றன. டிஃபன்ஸ் காலனியில் ஷேக் அலி கும்தி என்ற லோதி காலக் கல்லறையைக் குடியிருப்போர் நலச் சங்கம் 1960களிலிருந்து அலுவலகமாகவே வைத்திருந்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. சேதத்தை மதிப்பிட வல்லுநரை நியமித்த நீதிமன்றம், இடத்தைக் காலிசெய்யவும், 2025இல் இழப்பீடு கட்டவும் சொன்னது.

தமிழர்களுக்கு நெருக்கமான இன்னொன்று. ஜங்புராவில் பாரபுல்லா வடிகாலோரம் பல பத்தாண்டுகளாக இருந்த, தமிழர்கள் மிகுந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப், 2025 ஜூன் 1 அன்று உயர் நீதிமன்ற உத்தரவின்படி, வடிகாலின் அடைப்பை நீக்குவதற்காக அகற்றப்பட்டது. தகுதி பெற்றவர்களுக்கு நகரத்தின் வடகோடியில் நரேலாவில் வீடு. அதே வடிகால்மேல் ஜஹாங்கீர் காலத்துப் பாலம் ஒன்று, அதற்குப் பாதுகாப்புச் சட்டம் உண்டு, சீரமைப்புத் திட்டமும் உண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கச் சொல்லவில்லை. கேம்ப் இடிக்கப்பட்டது பாலத்துக்காகவும் அல்ல. ஆனால் ஒரு இடத்தின் மதிப்பில் அங்கே வாழ்ந்தவர்களின் பங்கு எவ்வளவு என்ற கேள்வியை, 1979இல் ஆஸ்திரேலியாவில் வந்த பர்ரா சாசனத்தைப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர் இங்கே தவிர்க்க முடியாது. அழகு, வரலாறு, அறிவியல் மதிப்புகளோடு சமூக மதிப்பையும் அது சேர்த்திருக்கிறது.

சேர்க்கை விவரம் இணையத்தில் கிடைப்பதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்.பி.ஏ.யில் எம்.ஆர்க் கட்டடப் பாதுகாப்பு இரண்டு வருடம், நான்கு பருவம். அடிப்படைத் தகுதி பி.ஆர்க், நுழைவுக்கு கேட் (GATE) தேர்வு மதிப்பெண். போபால் எஸ்.பி.ஏ.விலும் இதே துறை உண்டு, அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்திலும் உண்டு. கட்டடக்கலை படிக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். ஓவியம், செப்புத் திருமேனி, ஓலைச்சுவடி முதலியவற்றின் பாதுகாப்பைப் படிக்க நொய்டாவில் இந்திய மரபு நிறுவனம், அதாவது பழைய தேசிய அருங்காட்சியக நிறுவனம்; அகழாய்வில் நாட்டம் உள்ளவர்களுக்குக் கிரேட்டர் நொய்டாவில் தொல்லியல் துறையின் இரண்டு வருட முதுநிலைப் பட்டயம். வேதியியல் படித்தவர்களுக்கு இதில் நல்ல இடம் இருப்பது பலருக்கும் தெரிவதில்லை. கேட் தேர்வுக்கான முதுநிலை உதவித்தொகை வெகுகாலமாக மாதம் 12,400 ரூபாயிலேயே நிற்கிறது. விடுதி கிடைக்காமல் லக்ஷ்மி நகரிலோ மயூர் விஹாரிலோ அறை எடுப்பவர்கள் வீட்டிலிருந்து பணம் வரும் என்றால்தான் தாக்குப்பிடிக்கலாம்.

படித்து முடித்தால் வேலை? கரோல் பாகில் தலைமுறை தலைமுறையாக அரசு வேலையைப் பார்த்து வளர்ந்த வீடுகளில் முதலில் வரும் கேள்வி இது. 1861இல் தொடங்கிய இந்தியத் தொல்லியல் துறையில் கதவு தட்டினால் திறக்கும் என்று நினைப்பது இயல்பு. அங்கே வட்டாரத் தலைமையில் இருப்பவர் தொல்லியலாளர், வரலாறோ தொல்லியலோ படித்து வந்தவர். களத்தில் மதிப்பீடு போட்டு வேலையைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சிவில் பின்னணி. கட்டடப் பாதுகாப்பையே படித்த கட்டடக் கலைஞருக்கான இயல்பான நாற்காலி அந்த அமைப்பில் வளரவே இல்லை. ஆகவே பட்டம் பெற்றவர்கள் இன்டாக், ஆகா கான் அறக்கட்டளை, தனியார் ஆலோசனை நிறுவனங்கள் என்று போகிறார்கள். சில வருடங்களாக மெட்ரோ வேலை தருகிறது. செங்கோட்டை, ஜும்மா மசூதி பக்கமாகச் சுரங்கம் தோண்டினால் அதிர்வு என்ன செய்யும் என்று மரபுத் தாக்க மதிப்பீடு எழுதித்தர ஆள் வேண்டுமல்லவா? சம்பளம் மென்பொருள்காரர்கள் பக்கத்தில் நிற்காது. முதல் சில வருடங்களில் சாதாரணக் கட்டடக்கலை அலுவலகத்தைவிடவும் பெரிய வித்தியாசம் இராது.

தமிழ்நாட்டுக்குத் திரும்ப நினைப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. அறநிலையத் துறையின் கீழ் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட கோயில்கள். திருப்பணிக்கு முன் தொல்லியல், கட்டமைப்பு, ஆகமம் தெரிந்தவர்கள் அடங்கிய மாநில வல்லுநர் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்ற ஏற்பாடு வந்துவிட்டது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இலிருந்து யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் காத்திருக்கின்றன. அங்கே வீடு ஒன்றுக்குப் பத்து இருபது பங்காளிகள், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். கட்டடத்தின் நிலையையும் உரிமையையும் ஒருசேர விளக்கும் அறிக்கை இல்லாமல் கோயிலிலும் சரி, செட்டிநாட்டிலும் சரி, எதுவும் நகராது. அப்படியொரு அறிக்கையை, எந்தக் கல்லைத் தொட வேண்டாம் என்பதையும் சேர்த்து, ஸ்தபதிக்கும் பொறியாளருக்கும் அறங்காவலருக்கும் புரியும் தமிழில் எழுதத் தெரிந்தவர்கள் இப்போதைக்கு மிகக் குறைவு.